டிரோனைத் தேடி வந்த கருடன்

போன தை மாதம், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கோயில் கும்பாபிஷேகம். டிரோனில் படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எஞ்சினீயரிங் முடித்த கையோடு நானும் கல்லூரி நண்பனும் சேர்ந்து வாங்கிய டிரோன் அது. நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்ப்பேன். அவன் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்ப்பான். டிரோன் கேமராவுக்கு முன்னாலும் கீழேயும்தான் கண். பருந்து தாக்க வருவதோ முதுகுக்கு மேலிருந்து. "மச்சி, மேல ஒண்ணு" என்று அவன் சொன்னால் போதும், நேராக உயரே ஏற்றிவிடுவேன். பருந்து பாய்ந்து இறங்குவதில் கெட்டி, ஆனால் செங்குத்தாக ஏறுவது அதற்குக் கஷ்டம். பயந்து இறக்கினால்தான் மாட்டிக்கொள்வோம். இப்படி எத்தனையோ முறை தப்பித்திருக்கிறோம்.

பிறகு அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவனுக்குப் பதிலாக டிரோன் முதுகில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். மினுமினுப்பைக் கண்டால் பறவைகள் விலகிவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம்பினேன். வேறு என்ன செய்ய?

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியைக் காட்டிவிட்டு விழாக் கமிட்டிக்காரர்கள் போய்விட்டார்கள். மாடி முழுக்கப் புளி காயப்போட்டிருந்தது. ஊரே கோயிலைச் சுற்றி நெருக்கியடித்து நிற்க, நான் புளிக்கு நடுவே ஒற்றை ஆளாக நின்றேன். அத்தனை பேரையும் ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் யாரும் இல்லாதது ரொம்பவே உறைத்தது.

அப்போது அந்த வீட்டு அக்கா படியேறி வந்தார். பங்காளி வீட்டில் சாவு, தீட்டு கழியவில்லை, அதனால் கோயில் பக்கம் போக முடியாது என்றார்.

"தண்ணி ஊத்தறப்ப கருடன் வருமில்லீங்களா தம்பி, அதயாச்சும் இங்கிருந்து பாத்துக்கலாம்னு வந்தேன். வந்தா உங்க ஈ பறந்துகிட்டு கெடக்குது."

"கருடன் வந்தா வழி விட்டுர்றேங்க்கா."

"விட்டாச் சரி."

கோயிலை ஒட்டிய காலி நிலத்துக்கு மேல் டிரோனை நிறுத்தியிருந்தேன். கலசத்துக்குக் குடங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஸ்கிரீனில் கோபுரம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. காற்று என்று நினைத்தேன்.

"தம்பி, வந்துருச்சுங்க. உங்க ஈயைத்தாங்க அடிக்குது."

கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்துதான். அது மோதிய வேகத்தில் டிரோன் கூட்டத்தின் தலைக்கு மேலே தள்ளப்பட்டிருந்தது. விழுந்தால் கீழே யாராவது ஒருவர் மண்டை உடையும். சுழலும் விசிறி பறவையைக் கிழித்துவிட்டாலோ, ஊரே கைகூப்பிக் காத்திருக்கும் கருடன் அத்தனை பேர் கண்ணெதிரே ரத்தத்தோடு விழும். எல்லாம் தெரிந்தும் என் விரல் இறக்கத்தான் போனது.

"எறக்காதீங்க, அது கீழ பூந்துருச்சு."

அந்தக் குரலுக்கு என் விரல் தானாகக் கட்டுப்பட்டது. முழு வேகத்தில் மேலே ஏற்றினேன். ஸ்கிரீனில் ஊர் சுருங்கிக்கொண்டே போனது. அக்கா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏறுதுங்க, அதுவும் ஏறுது... இன்னும் போங்க... எட்டல... விட்டுருச்சுங்க, கோபுரத்துக்குத் திரும்பிருச்சு."

அடுத்த நொடி கூட்டம் முழங்கியது. மேளம் காதை அடைத்தது. ஊருக்கு வெளியே, கேழ்வரகு அறுத்த வயலில் டிரோனைப் பத்திரமாக இறக்கும்வரை நான் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது வானம் காலியாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "மூணு சுத்து. பாத்தீங்களா?"

"இல்லீங்க்கா."

"அட, உன்னத் தேடி வந்ததயே நீ பாக்கலியா?"

கீழே போய் மோர் கொண்டுவந்தார். டம்ளரை நீட்டாமல், "தீட்டு வூடு, குடிப்பீங்களா?" என்றார். வாங்கிக் குடித்தேன். வயலுக்குப் போய் டிரோனை எடுத்துப் பார்த்தால், பளபளப்பு ஸ்டிக்கரில் குறுக்கே நீளமாக நகக் கீறல்.

மறுநாள் அறையில் உட்கார்ந்து எடிட் செய்தேன். டிரோன் உயரே ஏறிய அந்தக் காட்சியில் முழு ஊரும் இருந்தது. தெருவில், மாடிகளில், மதில்மேல் என்று எல்லாரும் வானத்தைப் பார்த்திருந்ததால், மேலிருந்து எடுத்த படத்திலும் எல்லாருக்கும் முகம் இருந்தது. புளி காயும் மாடியில் ஒரு பெண் ஒரு கையை மேலே நீட்டி நிற்கிறார். பக்கத்தில் ஒருவன். அவனுக்கு மட்டும் முகம் இல்லை, குனிந்த தலையின் முடி மட்டும்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை நண்பனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. ஷிப்டில் இருந்திருப்பான்.

ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டேன். இப்போதும் தனியாகத்தான் பஸ் ஏறுகிறேன். ஆனால் டிரோனைப் பறக்கவிடும் முன், பக்கத்தில் நிற்பவர் யாரானாலும், "கொஞ்சம் மேல பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. படத்தில் முகமில்லாமல் நின்ற அந்த ஒருவனுக்கு, டிரோன் தரையிறங்கும் வரையாவது துணைக்கு ஓர் ஆள் இருக்கிறார்.