பேச்சுக்கு ஏற்றிய ஆள்

போன மாதம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு தம்பி என் ஆபீசுக்கு வந்தான். இன்ஜினியரிங் முடித்த பையன். உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பாவை மேசை மேல் வைத்தான். டிரைவருக்கு எதிரே ஒட்டிவிட்டால் ராத்திரி முழுக்க அது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்குமாம். இமை தாழ்ந்தால் கீச்சென்று கத்துமாம். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். என்னிடம் இருக்கிற எல்லா லாரிக்கும் வாங்கிவிட்டேன். ஆனால் கிளம்பும்போது, "இந்த மாதிரி ஐடியா இதுக்கு முன்னாடி யாருக்கும் வந்ததில்லீங்க சார்" என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த டப்பா செய்கிற வேலையை நான் ஒன்பது வயதில் செய்திருக்கிறேன். வயர் இல்லை, பேட்டரி இல்லை. வெறும் வாய்.

லாரித் தொழிலில் என்னைத் தெரியாதவர்கள் நாமக்கல்லில் குறைவு. எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பின் கதவைக்கூடப் பார்த்ததில்லை. கிளீனராக ஏறி முதலாளியாக இறங்கியவர் என்று மேடையில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். பாராட்டுகிறார்களே என்று நானும் திருத்துவதில்லை. உண்மையில் கிளீனர் என் இரண்டாவது வேலை. முதல் வேலை, பேசுவது.

என் மாமா, அம்மாவின் தம்பி, முட்டை லாரி ஓட்டினார். நாமக்கல்லில் சாயங்காலம் லோடு ஏற்றினால் விடிவதற்குள் சென்னையில் இறக்க வேண்டும். கெட்டிக்கார டிரைவர்தான். அவரிடம் ஒரே குறை, தூக்கம். எனக்கு ஒன்பது வயதான வருடம், ஒரு மாதத் தொடக்கத்தில் கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு நிமிடம் கண்ணை மூடி, லாரியை முட்டையோடு நெல்வயலுக்குள் இறக்கியிருந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஊர் நாய்கள் மட்டும் பல நாள் வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று கேள்வி. முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: இன்னொரு தடவை கண் அசந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் லோடு. அன்றைக்குப் பார்த்து கிளீனருக்கு அம்மை போட்டுவிட்டது. மாமா தனியாகக் கிளம்ப வேண்டும். அப்போது அத்தை, மாமாவின் மனைவி, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாதவர். எங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. நேராக என்னைக் காட்டி, "இவன அனுப்புங்கக்கா. பேசிக்கிட்டே போவான்" என்றார்.

என் வாய்க்கு அந்த வயதிலேயே ஊரில் பெயர் உண்டு. வகுப்பில் என்னை ஓரமாக உட்காரவைத்தார்கள், ஓரத்தில் இருப்பவன் கெட்டான். நடுவில் உட்காரவைத்தார்கள், நான்கு பக்கமும் கெட்டது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரு ராத்திரியாவது வீடு நிம்மதியாக இருக்குமே என்று நினைத்திருக்கலாம்.

லாரியில் ஏறும்போது அத்தை புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "மாமா பேச்சு நின்னா நீ பேசோணும். நிறுத்தவே கூடாது சாமி" என்றார். நான் பெரிய மனுசன் மாதிரி தலையை ஆட்டினேன். லாரி திரும்புகிற வரைக்கும் அவர் தெருவிளக்கடியிலேயே நின்றார்.

ராசிபுரம் வரை பள்ளிக்கூடக் கதை சொன்னேன். மாமா கேட்டார். ராசிபுரம் தாண்டியதும் கொட்டாவி விட்டார். சரி, சத்தமாக ஏதாவது சொல்லலாம் என்று பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். பதிமூணஞ்சு அறுபத்தஞ்சு என்பதற்குள் அவர் தலை ஸ்டியரிங்கைத் தொடப் போனது. படிப்பு ஆளைத் தூங்கவைக்கும் என்பதை அன்றே கண்டுபிடித்தேன். பிற்பாடு அதன்படியே நடந்துகொண்டேன்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "மாமா! மறுபடியும் வயக்காட்டுல உட்றாதீங்க! பெரியப்பா அப்பவே சொன்னாருங்க, உங்களுக்கு லாரி எதுக்கு, ஏர் இருந்தாப் போதும்னு!"

மாமாவின் முதுகு நிமிர்ந்தது. கண் இரண்டும் கோலிக்குண்டு.

"ஆருடா சொன்னது? அந்தாளா? மாட்டு வண்டிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமாடா அந்தாளுக்கு? அவரு கல்யாணத்துக்கு அவரையே ஏத்திக்கிட்டுப் போனவன்டா நானு!"

ஆத்தூர் வரைக்கும் பெரியப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தார். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. மாமாவுக்குக் கதை வேண்டாம், பாட்டு வேண்டாம். கோபம் வேண்டும்.

அவரைக் கோபப்படுத்துகிற சரக்குக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. சோறு தின்னும்போது, தலை வாரும்போது, தூங்குகிற மாதிரி படுத்திருக்கும்போது, அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் என் காதில் விழுந்திருந்தது. ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது, சென்னை வரைக்கும் வர வேண்டும் என்று சிக்கனமாக எடுத்துவிட்டேன். இன்றைக்கு டீசல் கணக்கில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்றால், அந்தப் பாடம் அன்று படித்ததுதான்.

ஆத்தூர் தாண்டிக் கண் சொருகியபோது எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொன்னதை எடுத்தேன். "நீங்க லாரி ஓட்டுற வேகத்துக்கு, கோழி குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு நடந்தே ரோட்டைத் தாண்டிப் போயிருமாமுங்க." அது கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்தது. அங்கே அவர் மீசையைப் பற்றி எங்கள் அப்பா சொன்னதை எடுத்தேன். அது அவ்வளவு கனமான சரக்கு இல்லை. உளுந்தூர்பேட்டைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அப்புறம் கல்யாணப் பந்தியில் அவர் எத்தனை தடவை சோறு வாங்கினார் என்று சின்னம்மா சொன்னது. "அவ எண்ணிக்கிட்டா உக்காந்திருந்தா? அவ எலையில என்ன இருந்துதுன்னு நாஞ் சொல்லட்டுமாடா?" விழுப்புரம் வந்துவிட்டது.

விழுப்புரம் தாண்டியதும் சரக்கு காலி. புளிச்சோறும் காலி. மாமா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார், பச்சை மிளகாயைக் கடித்தார், தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். எதுவும் ஆகவில்லை. நான் சொந்தமாக ஒன்று தயாரித்தேன்.

"மாமா, உங்க மொதலாளி உங்கள எருமைன்னு சொன்னாருங்க."

மாமா சிரித்தார். "அவரு என்னையக் கழுதைன்னுதான்டா சொல்லுவாரு. பொய்யி சொல்லாத." சிரித்ததில் உடம்பு இன்னும் தளர்ந்து கொட்டாவி பெரிதாக வந்தது. போலிச் சரக்கு ஓடாது என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சக்கரம் மண்ணில் இறங்கி முட்டைத் தட்டெல்லாம் கடகடவென்று ஆடியது. வெளியே பார்த்தேன், கீழே ஏரித் தண்ணீர். நான் போட்ட கூச்சலில் மாமா விழித்து வண்டியை மேலே இழுத்தார். இழுத்த கையோடு மறுபடியும் இமை இறங்குகிறது.

என்னிடம் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதை மாமன் காதில் போட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். தோலா, ஏரித் தண்ணீரா என்று பார்த்தேன். தோல் போனால் போகட்டும்.

"மாமா, அத்தை பெரிய சோம்பேறின்னு அம்மா சொல்லுதுங்க. புருசன் லோடு போயிட்டா இவளுக்குக் கொண்டாட்டம், உச்சிப் பொழுது வரைக்கும் படுத்துத் தூங்கறான்னு."

பெண்டாட்டியைச் சொன்னால் விடுவாரா? லாரிக் கூரையே பறக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் வரவில்லை. மாமா மெதுவாகக் கேட்டார்.

"எப்பெல்லாம்டா தூங்கறாளாம்?"

"நீங்க லோடு போற அன்னைக்கெல்லாம்ங்க."

"நான் ஊட்ல இருக்கறப்ப?"

"அப்பெல்லாம் பகல்ல தூங்கறதில்லீங்க. கோழி கூவறதுக்குள்ள எந்திரிச்சுக்குவாங்களாம்."

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நின்றால் பேச வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறாரே! தூங்கிவிட்டாரா என்று அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன்.

"தூங்கலடா" என்றார். எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் பார்த்தேன், கண் அகலமாகத் திறந்திருந்தது. ஈரத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வேறு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

"சித்த நேரம் சும்மா இரு சாமி."

அதுவரைக்கும் டேய், டேய் என்று வந்தவர், முதல் தடவையாகச் சாமி என்றார். அதன் பிறகு ஓட்டியது வேறு மாதிரி. எந்த லாரிக்கும் வழிவிடாத ஆள், தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததுமே ஒதுங்கினார். வளைவு வந்தால் மெதுவாகப் போனார். ஏரியைப் பார்த்ததில் மாமாவுக்குத் தைரியம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விடியும் நேரத்தில் சென்னை மார்க்கெட்டில் நின்றோம். வியாபாரி தட்டுகளைப் பார்த்துவிட்டு முதலாளிக்குப் போனில் டிரங்கால் போட்டு, சரக்கு பத்திரம் என்று சொன்னார். மாமாவின் வேலை தப்பியது. அதற்கு யார் காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு மாமா வேலையை விட்டு இறங்கும் வரைக்கும் ஒரு முட்டைகூட வயலுக்குப் போகவில்லை.

பகல் முழுக்க வண்டியிலேயே தூங்கிவிட்டு, காலித் தட்டுகளோடு பொழுது சாயக் கிளம்பினோம். திரும்பும்போது மாமா என்னைப் பேசச் சொல்லவே இல்லை. நானும் ராசிபுரம் வரும்வரை தூங்கிவிட்டேன்.

வெயில் ஏறிய பிறகு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சுள்ளென்ற வெயிலில் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கதவு தாழ் போடவில்லை. நிலைப்படியை ஒட்டிக் கையைத் தலைக்கு வைத்து அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். பாயைக்கூட விரிக்கவில்லை. அம்மா சொன்னது அப்படியே கண்ணெதிரே! நான் குதூகலமாக "அத்தை..." என்று ஆரம்பிப்பதற்குள் மாமாவின் டீசல் கை என் வாயைப் பொத்திவிட்டது. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை, எழுப்பவும் இல்லை. கரண்டு வீணாகிறதே என்று நான் பல்பை நிறுத்தப் போனேன். சுவிட்ச் சத்தம் கேட்குமாம், அதற்கும் முறைத்தார்.

எங்கள் வீட்டுக்கு ஓடினேன். மாமாவிடம் அத்தையைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறைத்துவிட்டு மற்றதெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். "நீங்க சொன்னது நெசந்தானுங்கம்மா. இந்நேரத்துக்குத் தூங்கறாங்க. வாசல் லைட்டக்கூட நிறுத்தல, எரிஞ்சுக்கிட்டே கெடக்குது!"

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"லைட்டு எரியுதா?"

"ஆமாங்கம்மா! பகல்லயே!"

என் பேச்சை மெச்சி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அம்மா அடுப்பில் இருந்த சோற்றையும் குழம்பையும் ஒரு தூக்குப் போசியில் போட்டு மூடினார். "அத்தை ஊட்ல வெச்சுட்டு வா. சத்தம் போடாம வெக்கோணும். எழுப்பின, தோல உரிச்சுப்போடுவேன்."

ஒரு ராத்திரி முழுக்கப் பேசி லாரியைக் காப்பாற்றியவனை, இரண்டு வீட்டிலும் வாயை மூடச் சொல்கிறார்கள். கண் விழித்தவன் நான், சோறு போகிறது பகலில் தூங்குகிறவருக்கு. என்ன நியாயம் இது என்று முனகிக்கொண்டே போசியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.