பொம்மை மைக்

பிள்ளைகள் அவரை மைக் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கி, வயர் இழுத்து, மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு, மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். இருபத்துமூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. நல்ல காது, பாட்டு மட்டும் வராது. "நான் பாடினா என் மைக்கே என்னை மன்னிக்காது" என்பார்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் ஓரமாக நின்றுகொண்டு, தன் முன்னாலும் ஒரு மைக் இருந்தாக வேண்டும் என்று முரண்டு பிடிக்கும் பிரமுகர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒன்று தனியாக இருக்கும். ஸ்டாண்டு உண்டு, வயரும் உண்டு. வயரின் மறுமுனை மட்டும் மேடைக்கு அடியில் சுருண்டு கிடக்கும். இதற்குப் பெயர் பொம்மை மைக். அந்தக் கதைகளை அவர் வீட்டில் சொல்லிச் சிரித்தால், பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருக்கும் மனைவி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "இந்த வீட்ல எனக்குக் குடுத்திருக்கிறதும் அதுதானே" என்பார்.

நான்கு பள்ளிகளைச் சேர்த்து இசைக்கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. வருட முடிவில் நூற்றிருபது பிள்ளைகள் ஒரே மேடையில் ஒரே பாட்டைப் பாட வேண்டும்; நடுவில் பள்ளிக்கு ஒரு சரணம். கடைசி ஒத்திகை அன்று காலை, திட்டத்தை நடத்தும் அம்மாள் மிக்சர் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அந்த நாலாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுருதியே சேர மாட்டேங்குறாங்க. பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க. மானம் போயிடும்."

"அவங்க மைக்கைக் கொஞ்சம் குறைச்சு வைக்கிறேன்மா."

"குறைச்சாப் பத்தாது. உங்ககிட்ட ஒரு மைக் இருக்குமே, பார்வைக்கு நிக்கிறது... அதை வைங்க. அவங்க சரணத்தை மொதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சேர்ந்து பாடிடுவாங்க."

"பாவம்மா, சின்னப் பிள்ளைங்க."

"என்ன பண்றது அண்ணே? பாட்டெல்லாம் பிறவியில வரணும்."

பிறவி! மற்ற மூன்று பள்ளிகளுக்கும் வருடம் முழுக்க வாரம் இரண்டு வகுப்பு. தனி அறை, கீபோர்டு. நாலாவது பள்ளிக்குப் பாட்டு ஆசிரியர் போனதே மொத்தம் ஆறு முறை. அறை இல்லை என்று, தண்ணீர் மோட்டார் ஓடும் நடையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் மோட்டாரின் சுருதிக்குச் சரியாகவே பாடினார்கள். கால அட்டவணையில் செய்த அநியாயத்தைக் குழந்தைகளின் ரத்தத்தின் மேல் எழுதிவிட்டுப் போவது நம்மிடம் மிகப் பழைய கெட்டிக்காரத்தனம்.

மைக் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாததில்லை. பாட்டு ஆசிரியரோடு அந்த நடைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான். தெரிந்தும் "சரிம்மா" என்றார். அடுத்த வருடமும் அவரைத்தானே கூப்பிட வேண்டும்.

பொம்மை மைக்கை நாலாவது பள்ளியின் வரிசைக்கு முன்னால் நட்டுவிட்டுத் திரும்பியபோது ஒரு பெண் அதைத் தட்டிப் பார்த்தாள். பதினோரு வயதிருக்கும். வரிசையை அதட்டி நேராக நிறுத்துகிறவள் என்பதால் தோழிகள் அவளுக்கு வைத்த பெயர் சின்ன டீச்சர்.

"மைக் மாமா, இது செத்துக் கிடக்கு."

அவர் அரை நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் பின்னால் அவரை அதிகம் வதைத்தது. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"இது ரெக்கார்டிங் மைக்மா. வெளிய கேக்காது. உள்ள பதியும்."

சின்ன டீச்சர் உடனே வரிசைப் பக்கம் திரும்பினாள். "ஏய், இது பதியிற மைக்காம்! யாரும் பேசாதீங்க. இருமாதீங்க. நீதான்டி, உன்னைத்தான் சொல்றேன்!"

உன்னைத்தான் என்றது பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரக் குட்டிப் பெண்ணை. அவளுக்குச் சளி. மறுநாள் நிகழ்ச்சியில் ஏழு நிமிடப் பாட்டு முழுவதும் அவள் இருமலை அடக்கிக்கொண்டு பாடியதை மைக் மாமா மேசையிலிருந்து பார்த்தார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது, தோள் இரண்டு தடவை குலுங்கியது. அவள் இருமவில்லை. மேடைக்கு அடியில் சுருண்டு கிடந்த வயருக்காக அந்தக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கைதட்டல் பிரமாதமாக இருந்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. பதியிற மைக் என்றால் பதிந்தது எங்கே? நாலாவது பள்ளியின் வகுப்பாசிரியை போன் செய்தார். "சார், பிள்ளைங்க தினமும் கேக்குறாங்க. ஒரு தடவை வந்து போட்டுக் காட்டுங்களேன்." அவர் காப்பி எடுக்கவில்லை என்றார், வேன் ரிப்பேர் என்றார். மூன்று வாரம் ஓடியது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "உங்க மைக்குதான் பொம்மைன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

கடைசியில் ஒரு பெட்டியையும் ஒரு மைக்கையும் எடுத்துக்கொண்டு போனார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சியன்று மிக்சரில் பதிந்திருந்த பாட்டைப் போட்டார். அவர்களுடைய சரணம் வந்ததும் அறை எழும்பிக் குதித்தது.

"ஏய், இது நாமளா?"

"என் குரல்டி அது! கேளு, கேளு!"

"நாம இவ்ளோ நல்லாவா பாடினோம்?"

வகுப்பாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சரணத்தில் இருந்ததெல்லாம் முதல் பள்ளியின் குரல்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் வயரைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டார். சின்ன டீச்சர் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணாடிக்காரக் குட்டி எழுந்து வந்து அவர் சட்டையை இழுத்தாள்.

"பாத்தீங்களா மாமா, நான் இருமவே இல்ல."

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"அது நீங்க இல்லம்மா" என்றார். "பாட்டுல இருக்கிறது நீங்க இல்ல. உங்க முன்னாடி வச்ச மைக்குக்கு வயரே போகல. நான்தான் வச்சேன்."

"பதியுதுன்னீங்களே?" என்றாள் சின்ன டீச்சர்.

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

திட்டத்து அம்மாளைக் கைகாட்டியிருக்கலாம். கைகாட்டவில்லை, மைக்கை நட்ட கை தன் கை. "என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் வகுப்பாசிரியை, மெல்ல.

கண்ணாடிக்காரக் குட்டி இன்னும் அவர் சட்டையை விடவில்லை. ஏதோ கணக்குப் போடுவதுபோல் யோசித்தாள்.

"அப்போ நான் இருமியிருக்கலாமா மாமா?"

அவர் அவசர அவசரமாக மைக்கைப் பெட்டியில் செருகி விரலால் தட்டினார். டொக் டொக் என்று அறை முழுக்கக் கேட்டது. "இது நிஜ மைக். இப்போ பாடுங்க, பதிஞ்சு தர்றேன்."

பிள்ளைகள் சின்ன டீச்சரைப் பார்த்தார்கள். அவள் மைக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேணாம் மாமா" என்றாள், பெரியவர்களிடம் பேசக் கற்றுக் கொடுத்த மரியாதையோடு.

வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"என்ன, திட்டினாங்களா?" என்றார் மனைவி.

"திட்டியிருந்தா இது இறங்கியிருக்கும்."

மனைவி பதிலுக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சின்னச் சீருடைச் சட்டையை மடித்து, அவர் கண்ணில் படாத பக்கமாக வைத்தார்.