கைடு எப்படி? டீக்கடையில் கேளுங்கள்

போன செவ்வாய்க்கிழமை சென்னையில் ஒரு டீக்கடையில் மானம் போனது. ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியர் ஒருவரைப் பற்றி, ஆள் எப்படி, கோபக்காரரா, பழக்கவழக்கம் எப்படி என்று என் நண்பன் முருகேசன் விசாரிக்க, டீ மாஸ்டர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு குடுக்கப் போறீங்களா? அவருக்குப் பேத்தியே இருக்கு சார்."

முருகேசன் அசரவே இல்லை. "பொண்ணத்தான் குடுக்கப் போறோம். படிக்கிறதுக்கு" என்றான்.

விஷயம் இதுதான். முருகேசனுக்குத் தாடிக்கொம்பில் மல்லிகைத் தோட்டம். அவன் மகள் நந்தினி எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, பிஎச்.டி.க்கு இரண்டு இடங்களில் தேர்வாகியிருக்கிறாள். இரண்டுமே சென்னை. ஒன்றின் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். இன்னொன்றின் பெயரைச் சொன்னால், அது எங்கே இருக்கிறது என்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவள் பெரிய பெயர் பக்கம் முக்கால்வாசி சாய்ந்திருந்தாள்.

என்னிடம் யோசனை கேட்டார்கள். நான் பி.எஸ்சி. கணக்கில் நாலு அரியர் வைத்து, ஊர்ச் சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டுத் தேறியவன்! ஆனாலும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை... அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ரேங்கிங் பார்க்கலாம் என்று கனமாக ஆரம்பித்தேன். முருகேசன் மடக்கினான்.

"மாப்ள, அஞ்சு வருசம் புள்ளய ஒரு ஆளுகிட்ட விடப் போறோம். ஆளு யாரு என்னன்னு விசாரிக்க வேணாமா? என் தங்கச்சிக்கு மாப்ள பாத்தப்ப எரியோட்டுக்கு மூணு தடவ போயி டீக்கடைல உக்காந்தோம்ல?"

யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை என்றால் டீக்கடை, சலூன், ரேஷன் கடை, எதிர்வீடு என்று ஒன்று விடாமல் துருவுகிறோம். ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு என்றால் மட்டும் வெப்சைட்டில் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். இத்தனைக்கும் பாதியில் பிரிந்து வருவது இதிலும் லேசான காரியம் இல்லை.

சென்னையில் ஒரு கல்யாணம் என்று நந்தினியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினோம்.

முதலில் போனது பெரிய பெயர் இடத்து டீக்கடை. பேத்தி விவகாரம் ஓய்ந்ததும், டீ மாஸ்டர் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தாடிக்காரரைக் காட்டினார். அந்தப் பேராசிரியரின் மாணவராம். ஏழாவது வருடம். வந்த புதிதில் தலை நிறைய முடி இருந்தது என்று மாஸ்டரே சாட்சி சொன்னார்.

கைடைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிவிட்டு – கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்! – பொங்கலுக்கு முன்னால் என்றார். இப்போது ஆடி நடக்கிறது. சார் ரொம்பப் பெரிய ஆள், பாதி நாள் வெளிநாடு, மெயில் போட்டால் பதில் வரும், எப்போது வரும் என்றுதான் தெரியாது என்றார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. முருகேசன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தம்பி, சாப்டீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வடை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

மத்தியானம் இரண்டாவது இடம். வாசலில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. விசாரிக்க வேண்டிய வேலையே வரவில்லை... நந்தினிக்கு கைடாக வரவேண்டிய மேடமே அங்கே டீ கிளாசோடு நின்றிருந்தார். வெப்சைட்டில் பார்த்த அதே முகம். பக்கத்தில் ஒரு மாணவி. அவள் ஒரு தாளை நீட்டி, "மேடம், நேத்து நீங்க சொன்னது தப்பு. மூணாவது வரியிலயே அடிபட்டுப் போகுது" என்றாள்.

முருகேசன் முகம் சுருங்கியது. திரும்பும் ரயிலில் இறங்கும் வரைக்கும் புலம்பல். வாத்தியார் மூஞ்சிக்கு நேராகத் தப்பு என்று சொல்கிற பிள்ளைகள், மட்டுமரியாதை இல்லாத இடம், பெரிய பெயர்தான் சரி என்று முடிவே கட்டிவிட்டான். ஏழு வருடத்து மனிதரை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவர் மரியாதையாகப் பேசினார் என்றான்!

வீட்டு வாசலிலேயே நந்தினி நின்றிருந்தாள்.

"ஆடி மாசத்துல யாருக்குப்பா கல்யாணம்?"

பொய் சொல்வதற்கும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். பிறகு, நடந்தது அத்தனையும் சொல்லச் சொன்னாள். ஏழாம் வருடத்துக்காரர் கதையைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தள்ளுவண்டிக் கதைக்கு நிமிர்ந்தாள்.

"தப்புன்னு சொன்னதும் அந்த மேடம் என்ன பண்ணாங்க மாமா?"

"டீயக் கீழ வச்சுட்டுத் தாள வாங்கிப் பாத்தாங்க. ஆமால்லன்னு சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரும் அந்த வண்டி மேலயே பேப்பர வச்சு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. டீ ஆறிப் போச்சு."

நந்தினி உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குப் பெயர் தெரியாத அந்த இடத்துக்கு அன்றைக்கே சம்மதம் போய்விட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முருகேசனுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. நேற்று தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டே கேட்டான்:

"எதுத்துப் பேசுறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் எதுக்கு மாப்ள போகணும்? அதத்தான் இந்தக் கழுத வீட்லயே பண்ணுதே!"