பெரிய கிளாக்கர் வீட்டுப் பொலித்தீன்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த குமாரசிங்கம், வாங்கிய எந்தச் சாமானையும் வாங்கியபடியே வைத்திருப்பார். மகள் லதுஷா பிறந்த வருடம் கொழும்பிலிருந்து இறக்கிய சோபா செற்றி, அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டபோதும் பொலித்தீன் உறைக்குள்தான் இருந்தது. ரிமோட்டுக்கு உறை. குடைப்பிடிக்கு உறை. கல்குலேட்டரின் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டி அனுப்பிய தாளைக்கூட அவர் உரிக்கவில்லை. அது மங்கிப் போய், தெரிவது எட்டா மூன்றா என்று புரியாமல், கடைசியில் கணக்கைக் கையாலேயே போடுவார்.

ஒருநாள் தபால் கொண்டுவந்த மாடசாமியை, லதுஷாவின் தாய் யோகமலர் இருக்கச் சொன்னாள்.

“வேணாங்கம்மா. உக்காந்தா சட்டை ஒட்டிக்கிது. எந்திரிக்கிறப்ப சத்தம் வேற வருது” என்று மாடசாமி நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். தோட்டத்து ஆட்கள் தன் முன்னால் உட்காராதது தனக்குத் தரும் மரியாதை என்று குமாரசிங்கம் நெடுகிலும் நினைத்திருந்தார். அன்றும் அப்படித்தான் நினைத்தார். பக்கத்தில் நின்ற லதுஷாவுக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற தகப்பனைப் பார்த்து எரிச்சல்படுவது பாவம் என்று யோகமலர் அவளுக்கு அடிக்கடி சொல்வாள். லதுஷா அந்தப் பாவத்தை நாள் தவறாமல் செய்தாள்.

வீட்டில் இருந்த கணினியும் உறைக்குள்தான் இருந்தது. தொண்ணூற்றொன்பதில் வாங்கியது. வெளிநாட்டுக் கம்பெனியே முழுதாகப் பொருத்திப் பூட்டி அனுப்பிய பெட்டி. முன்பக்கத்தில் கம்பெனியின் பெயர் வெள்ளி எழுத்தில் பளபளக்கும். வீட்டுக்கு வருகிறவர்களின் கண் அந்த எழுத்தில் படும்படி குமாரசிங்கம் மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார். படித்துவிட்டு யாராவது புருவத்தை உயர்த்தினால் அன்றைக்கு அவருக்கு இரண்டு பிடி சோறு கூட இறங்கும்.

லதுஷா வீட்டிலிருந்தே கணினிப் பட்டப்படிப்புப் படித்தாள். கடைசி வருடத்துக்கு, கொழுந்து நிறுவையைக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை எழுதி டிசம்பரில் கொழும்பில் பரீட்சகர்களுக்குக் காட்ட வேண்டும். பழைய கணினி அதைத் திறப்பதற்கே மூச்சு வாங்கியது. பாதியில் நின்றும் போனது. இந்த டிசம்பர் தவறினால் அடுத்த வருடந்தான் காட்டலாம். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. தை பிறந்ததும் கலியாணம் பேசுவதாகத் தகப்பன் முடிவெடுத்திருந்தார். கலியாணத்துக்குப் பிறகு எந்த வீட்டில் எந்தச் செற்றியில் உட்காரப் போகிறாளோ, அது யாருக்குத் தெரியும்?

“கொழும்பிலை, வெள்ளவத்தைச் சித்தி வீட்டிலை நல்ல கொம்பியூட்டர் இருக்கு, அப்பா. அங்கை நிண்டு முடிக்கிறன்” என்று கேட்டுப் பார்த்தாள்.

“கலியாணம் கட்டாத குமர்ப்பிள்ளை இன்னொருத்தர் வீட்டிலை போய் நிக்கிறதோ? இதையே நான் புதுசாக்கித் தாறன்” என்றார்.

பதுளை டவுனில் கணினிக் கடை வைத்திருந்த ஸரூக் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பெட்டியோட புதுசா எடுங்க சேர். இது கம்பெனிப் பெட்டி. இதுக்குள்ள வேற போர்டு லேசில பொருந்தாது” என்றான்.

“உள்ளுக்கை எதையும் மாத்தலாம். பெட்டி மாறக் கூடாது.”

“அப்ப நானே வந்து பூட்டித் தாரேன்.”

அதற்கும் குமாரசிங்கம் சம்மதிக்கவில்லை. கடைக்காரன் வந்தால் சீல்களை உடைப்பான், உறையைக் கிழிப்பான், சாமானில் கைரேகை படும். மதர்போர்டையும் புரொசெசரையும் சீல் உடையாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். தன் கையாலேயே பூட்டப் போவதாக மறுநாள் தோட்டத்துத் துரையிடமும் சொல்லி வைத்தார். துரை ‘வெரி குட்’ என்றாராம். அந்த வெரி குட்டை யோகமலர் அன்று பொழுதுபடும் வரை கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுகி, திருநீறு பூசி, கணினியைக் கழற்றினார். லதுஷாவைக் கிட்ட விடவில்லை. புதுப் போர்டின் பின்பக்கம் பெட்டியின் ஓட்டைகளுக்குப் பொருந்தாததால், தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துப் பெட்டியின் முதுகை வெட்டினார். முன்பக்கத்துப் பெயருக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர் அந்தப் பெட்டிக்குச் செய்ததைப் பார்த்து லதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மேலே விசிறி வைத்த அலுமினியக் கட்டியொன்றைப் புரொசெசரின் தலையில் அழுத்திப் பூட்டினார். புரொசெசரின் சூட்டை இழுத்துக்கொள்வதுதான் அந்தக் கட்டியின் வேலை.

கணினி உயிர் பெற்றது. திரையில் வெளிச்சம் வந்தது. குமாரசிங்கம் இரு கைகளையும் இடுப்பில் வைத்து மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், யன்னலால் வெளியே யாராவது போகிறார்களா என்றும் பார்த்தார். லதுஷா தன் மென்பொருளைத் திறக்க உட்கார்ந்தாள். அது திறந்துகொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. திரை உறைந்தது. பிறகு கறுத்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் அமுக்கியும் வேலை செய்யவில்லை.

“கரண்ட் கூடிப் போச்சு” என்றார் குமாரசிங்கம். கொஞ்சம் பொறுத்து, “அந்த ஸரூக் ஏமாத்திப் போட்டான்” என்றார்.

லதுஷா அலுமினியக் கட்டியைக் கழற்றித் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த பொலித்தீன் தாள் உருகிச் சுருண்டு கிடந்தது. உருகாத ஒரு மூலையில், பாவிக்க முன் உரித்தெடுக்கவும் என்ற ஆங்கில எழுத்து அப்படியே இருந்தது. துரையின் கடிதங்களிலேயே இங்கிலீசுப் பிழை பிடிக்கிற மனிதரின் கண்ணுக்கு அது தெரியாமல் போயிருக்காது.

“இதை நீங்கள் உரிக்கேல்லையோ அப்பா?”

“அது சாமானோடை வந்தது.”

“உரிக்கச் சொல்லி எழுதியிருக்கு.”

“உரிச்சால் பிறகு கடையிலை திருப்பி எடுப்பினமோ? கையிலை கிடைச்சவுடனை எல்லாத்தையும் பிய்ச்செறியிறது லயத்துப் பழக்கம்.”

இனிக் கேட்டுப் பயனில்லை என்று லதுஷாவுக்குத் தெரிந்தது. படித்த மனிதர், நாலு பேர் மதிக்கும் மனிதர், ஒரு துண்டுப் பொலித்தீனுக்காகத் தன் மகளின் படிப்பைப் பொசுக்கிவிட்டு, அதற்கும் லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்களைப் பழிக்கிறார். லதுஷாவுக்கு அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் அந்த நாற்றத்தோடு போயிற்று.

அன்று பின்னேரம் குமாரசிங்கம் குரலைத் தாழ்த்தி, “இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது” என்றார்.

“துரை கேட்டால்?”

அவர் முகம் சுருங்கியது. அந்த வெரி குட் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நான் இஞ்சை நிண்டால்தானே அப்பா, ஆரும் என்னட்டைக் கேட்பினம்” என்றாள் லதுஷா.

இரண்டு நாள் கழித்து, வெள்ளவத்தைக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். புதுச் சூட்கேசும் வாங்கிக் கொடுத்தார். அவள் தன் மென்பொருள் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துவாயில் சுற்றி உடுப்புகளுக்கு நடுவே வைத்தாள்.

பதுளை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் நின்றது. அவள் ஏறுவதற்கு முன் குமாரசிங்கம் சூட்கேசைத் தடவிப் பார்த்தார்.

“போய்ச் சேரும் வரைக்கும் இந்த உறையைக் கழட்டாதை பிள்ளை.”

லதுஷா சூட்கேசைப் பிளாட்பாரத்தில் வைத்தாள். பொலித்தீனில் நகத்தைக் குத்தி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள். கிழித்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள்.

யன்னலோரம் இடம் கிடைத்தது. ரயில் நகர்ந்தபோது எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். குமாரசிங்கம் பிளாட்பாரத்தில் நின்று கிழிந்த பொலித்தீனை மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். கையசைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.