பிரேக் இல்லாத கட்டி

"பிரவுனே காணோமேய்யா!" டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். எனக்குச் சுருக்கென்றது. நான் எட்டாவது ஃபெயில். அடையாறு லேபில் பாட்டில் கழுவ வந்து சீஃப் டெக்னீஷியன் ஆனவன். கட்டியிலிருந்து நான் மெல்லிசாக வெட்டிய செக்ஷனைப் பார்த்துப் பெரிய பெரிய டாக்டர்களே வாய் பிளந்ததுண்டு.

தொண்ணூறுகளின் கடைசி அது. பி-27 என்ற புரோட்டீனை டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கிற பிரேக் அது. பிரேக் உள்ள செல், நாங்கள் ஏற்றுகிற சாயத்தில், அதாவது ஸ்டெயினில், பிரவுனாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். சாயம் ஏறுவதற்கு முன் ஸ்லைடை வேகவைக்க வேண்டும்; அதற்கு மயிலாப்பூரிலிருந்து தன் ஆத்து குக்கரையே கொண்டுவந்திருந்தார். அதில் சாம்பார் வாசனை போக நான் தேய்த்த தேய்ப்பு எனக்குத்தான் தெரியும்.

அன்றைய கட்டி கொட்டிவாக்கத்து மீன்காரர் ஒருவருடையது. நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியில் வந்தது, ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது. அந்தக் கட்டி வந்த சிலருக்கு இமை தொங்கும். அவருக்கு ஒரு கண் பாதி மூடியே இருக்கும். தினமும் வந்து லேப் வாசல் பெஞ்சில் உட்காருவார்.

"இன்னா நைனா, நம்ம கட்டி இன்னா சொல்லுது? இந்தக் கண்ணால வூட்ல பேஜாரா கீது. மீன் ஏலத்துல நான் கண்ணடிக்கிறேன்னு எம் பொண்டாட்டி தொடப்பத்த எடுக்குறா!"

டாக்டரம்மா விடவில்லை. "கண்ட்ரோல் வெச்சியா?"

"என் கைதான் மேடம் கண்ட்ரோல்."

"உன் கையை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்க்க முடியாது. டான்சில் துண்டு ஒண்ணு வெச்சு மறுபடி போடு. டான்சில்ல இந்த பிரேக் கட்டாயம் இருக்கும். அது பிரவுனானா உன் வேலை சரி."

மறுநாள் போட்டேன். டான்சில், டிக்காஷன் மாதிரி அப்படியொரு பிரவுன்! கட்டி மட்டும் அதே நீலம்.

"பாத்தீங்களா மேடம்! ஜெயிச்சது யாரு?" லேபே அதிரக் கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. "உன் வேலை சரின்னா, அந்தக் கட்டியில நிஜமாவே பிரேக் இல்லைய்யா. அப்படிப்பட்டது திரும்பி வரலாம்னு ஆராய்ச்சி பண்றவா சொல்றா."

வெளியே மீன்காரர் எழுந்து நின்றார். "நைனா, ஜெயிச்சிட்டமா?"

நான் டாக்டரம்மா பக்கம் குனிந்தேன். "என் கை தவறியிருக்கும் மேடம். இன்னொரு தடவை போட்டுடறேன்."

"வேண்டாம்யா" என்று அவரே வெளியே போனார். "கட்டியை முழுசா எடுத்தாச்சு. ஆனா அது கொஞ்சம் முரட்டுக் கட்டி. சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்கு வரணும். கடலுக்குப் போயிட்டேன்னு சாக்கு சொல்லக் கூடாது."

"வர்றேம்மா" என்றவர் என்னைப் பார்த்தார். "இதுக்கா நைனா அப்டி கூவுன?"

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, ஸ்டெயின் சரியாக ஏறினால் பெருமைப்படுங்கள், தப்பே இல்லை. வாயைத் திறக்கும் முன் மட்டும் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பாருங்கள். என்னைப் போன்ற கெட்டிக்காரனுக்கே அது தாமதமாகத்தான் புரிந்தது.