யூதர் உடுப்பு

எங்கள் கோயிலில் அந்த வருடம் பெரிய வெள்ளி நாடகத்தை மாமா பொறுப்பெடுத்தார். யேசுவாக நடிப்பதும் அவர்தான். வேறு யாருக்கும் தாடி இல்லை.

அப்போது கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் எல்லோரும் நெருங்கிக்கொண்டு இருந்தோம். அம்மா பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார். என்னையும் தம்பியையும் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக் கிழவர். போலந்தில் பிறந்த யூதர், தனி ஆள். அம்மா அவித்துக் கொடுக்கும் மரவள்ளிக்கிழங்கைத் தவிர எதுவும் வாங்கமாட்டார்.

ஊரில் யேசுவுக்கு வெள்ளை அங்கியும் யூதருக்குக் கறுப்புச் சட்டையும் போடுவார்களாம். கனடாவில் எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்பது மாமாவின் ஆசை.

"பக்கத்திலை அசல் யூதர் இருக்கேக்கை நாங்கள் ஏன் மண்டையை உடைப்பான்? உடுப்பைப் பற்றி அவரிட்டையே கேப்பம்."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசன் கோவிச்சா பிள்ளையளை ஆர் பாக்கிறது? நான் வேலையை விடுறதே?"

மாமா கேட்கவில்லை. ஆங்கிலம் பேச என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அம்மா கதவடியில் நின்றார்.

கிழவர் தேத்தண்ணி தந்துவிட்டு, நாடகத்தில் யூதர் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். அடிப்பார்கள், துப்புவார்கள், சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துவார்கள் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவ்வளவு ஆங்கிலம் அம்மாவுக்கும் விளங்கும். வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதை நான் மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, யேசுவுக்கும் அதே உடுப்புத்தானாம். அவரும் யூதராம்."

"ஆர் சொன்னது? யேசு எங்களைப்போலை வேதக்காரரெல்லோ!"

இதை ஆங்கிலத்தில் கேட்டதும் கிழவர் இருமி இருமிச் சிரித்தார். யேசுவைக் கடவுள் என்று தான் நம்பவில்லை, தங்களுடைய மீட்பர் இன்னும் வரவில்லை என்றார். ஆனால் யேசு நல்லாய்ப் படித்த யூதப் பிள்ளை, பெரியவர்களோடு வாதாடுகிற வாய். அப்படி வாய்க்காரர் தன் குடும்பத்திலேயே இருந்தார்கள் என்றார். பிறகு அந்தக் காலத்து யூதர் போர்த்தும் போர்வை ஒன்றைத் தாளில் வரைந்து, அதன் நாலு மூலையிலும் நூல் குஞ்சம் வைத்தார்.

மாமா குஞ்சத்தையே பார்த்தார். "பைபிளிலை அந்த வருத்தக்காரப் பொம்பிளை யேசுவின்ரை உடுப்பிலை தொட்டுச் சுகமானது இந்தக் குஞ்சத்தைத்தான் போல," என்றார் மெல்ல.

அம்மா பழைய கட்டில் விரிப்புகளை வெட்டி எல்லோருக்கும் ஒரேமாதிரித் தைத்தார். அடிப்பவர்களுக்கும் அடி வாங்குபவருக்கும் மாதாவுக்கும் ஒரே குஞ்சம். நாடகத்தில் முன்வரிசை அன்ரி ஒருவர், "உதிலை ஆர் யேசு, ஆர் யூதர்?" என்று சத்தமாகக் கேட்டார். மாமா சிலுவையோடு திரும்பி, "எல்லாரும் யூதர்தான் அன்ரி," என்றார். மண்டபமே சிரித்தது. சுவாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை கிழவர் வழக்கம்போலப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். மாமா நல்லாகச் செத்தாரோ என்று கேட்டார். அன்றுதான் அம்மா நிம்மதியாக வேலைக்குப் போனார்.

பெரிய வெள்ளியன்று, நடிக்கப் போட்ட போர்வையோடு நான் போய் அவரை நாடகத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து, நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தார். இன்றைக்கு வெளியே வரமாட்டேன் என்றார். இடைவெளியால் கையை நீட்டி, அவிழ்ந்திருந்த என் குஞ்சத்தை முடிந்துவிட்டார். கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

அவர் பிறந்த பக்கங்களில் பெரிய வெள்ளியன்று கோயில் விட்டு வந்த சனம் யூதர் வீடுகளுக்குக் கல்லெறிந்த கதையை நான் வளர்ந்தபிறகு, வேலை தேடித் திரிந்த ஊரொன்றில் கேள்விப்பட்டேன். அன்றைக்கு, மனுசனுக்குக் கள்ளர் பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.