அருவிக்குப் பழைய துணி இலவசம்

வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது அக்ரிமென்ட் போடுவது எப்படி என்றுதான். அதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் தென்காசி ஆபீஸில் சேர்ந்த புதிதில், ஒரு சாரல் சீசனில் நடந்ததை அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு வீடு எங்கள் பொறுப்பில் இருந்தது. ஓனர் முருகையா ராணுவத்தில் சுபேதார், வடக்கே வேலை. மனைவி இறந்தபின் வீட்டை எங்களிடம் ஒப்படைத்திருந்தார். வெளியூரில் இருக்கும் ஓனர்கள் செய்வதுபோலவே ஒரு ரூமைத் தம் சாமான்களுக்கென்று பூட்டிவிட்டு, மீதியை ஒரு குடும்பத்துக்கு விடச் சொல்லியிருந்தார். சாரல் நேரத்தில் எல்லாம் பூசணம் பூத்துவிடும் என்பதால் அந்த ரூமுக்கும் ஒரு சாவி தந்தார். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்றாட விடவேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது என்பது பேச்சு. அந்த வேலையை என் முதலாளியே பார்த்துக்கொண்டார்.

ஆனி மாதம் அவர் போன் செய்தார். வாசலில் தினம் ஒரு கார் நிற்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே என்று கேட்டார். முதலாளி என்னிடமிருந்து போனை வாங்கி, சீசனில் குற்றாலத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வராமல் இருப்பார்களா என்று சிரித்து மழுப்பினார். நானும் அதை நம்பினேன். அடுத்த வாரமே சுபேதார் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். முதலாளி வெளியே போயிருந்ததால் நான்தான் சாவியை எடுத்துக்கொண்டு அவரோடு ஆட்டோவில் போனேன்.

சாவிக்கு வேலையே இல்லை. கேட் திறந்து கிடந்தது, உள்ளே ஒரு வேன் நின்றது. மதுரைப் பக்கத்து ஆட்கள், அருவியில் குளித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். வராந்தாவில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நனைந்த அரக்குச் சேலை, தோளெல்லாம் எண்ணெய். சுபேதார் அவளையே பார்த்தபடி படியில் நின்றுவிட்டார். முன்பின் தெரியாத பெண்ணை இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“இந்தச் சேல உங்களுக்கு எப்படிம்மா கெடச்சுது?” என்றார்.

“இங்க குடுத்ததுதாங்க. எண்ணெ தேச்சுக் குளிக்கப் பழைய துணி ஃப்ரீன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்களே” என்றாள் அவள்.

உள்ளே ஓடிப் பார்த்தேன். பூட்டியிருக்க வேண்டிய ரூமில் வரிசையாக மெத்தைகள். பீரோ திறந்து கிடந்தது. பின்பக்கக் கொடியில் ஐந்தாறு சேலைகள் தொங்கின, அதில் ஒன்று பட்டு. இன்னொன்றைக் கிழித்துக் குளியலறை வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தார்கள். செத்துப்போனவளின் துணியை, புருஷன் பத்திரப்படுத்தி வைத்ததை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க எப்படி மனசு வரும்? இதைச் செய்த முதலாளியிடம்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் அழுதேவிட்டாள். இப்போதே மாற்றித் தருகிறேன் என்று பதறினாள். சுபேதார், “நீங்க என்னம்மா செய்வீங்க, மெதுவா மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

நான் போன் செய்ததும் முதலாளி வந்து சேர்ந்தார். குடியிருந்த குடும்பத்தைச் சீசனுக்கு முன்பே காலி செய்யவைத்து, என்னைப்போன்ற ஆபீஸ் ஆட்களுக்குக்கூடத் தெரியாமல் நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார். ரூம் சும்மாதானே கிடந்தது என்றார். அவர் முகத்தில் பயமோ வெட்கமோ இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் இன்னும் அதிர்ந்துபோனேன்.

சுபேதார் கொடியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயும் ஈரமும் சட்டையில் இறங்கின.

“பழைய சேலதான அண்ணாச்சி. நாளைக்கே கடைக்குப் போவோம், இதே மாதிரி புதுசு எடுத்துத் தந்திருதேன்” என்றார் முதலாளி.

“யாரு கட்டுததுக்குலே?” என்று கேட்டார் சுபேதார்.

மாதாமாதம் வாடகை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஓனருக்குக் குறை இருக்காது என்றுதான் அந்த ஆபீஸில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுபேதாருக்கும் வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

இப்போது சொந்தமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். பூட்டிய ரூமின் சாவியை எந்த ஓனர் நீட்டினாலும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.